ஊற்றுப் பேனா

மக்கள் தம் உள்ளத்தில் தோன்றும் கருத்தைப் பிறர்க்கு உணர்த்துதற்குப் பேச்சு ஒரு கருவி. எழுத்து மற்றொரு கருவி. பேச்சு எதிரில் நிற்பார்க்கே பெரிதும் பயன்படும். எழுத்தோ தொலைவில் உள்ளார்க்கும் பின்னர்ப் பிறப்பார்க்கும் பயன்படும். இத்துணைச் சிறப்புடைய எழுத்தை எழுதும் கருவியும் அதற்கேற்ற சிறப்புடையதாதல் வேண்டும். அது எழுதுவோர் கைக்கு இணங்கியதாகவும், கருத்தின் விரைவுக்கு ஈடு கொடுப்பதாகவும், படிப்போர் கண்ணுக்கு இனிய எழுத்தைத் தருவதாகவும் இருத்தல் நலம். இம்மூன்று இயல்பும் ஒருங்கே அமைந்த கருவிகளுள் ஊற்றுப் பேனா ஒன்றாகும். அதன் வரலாற்றையும் அமைப்பையும் அதனைப் பேணும் முறையையும் அறிந்தவர்க்கு நாள்தோறும் எழுதும் எழுத்தே ஓர் இன்பமாகும்.

நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். இடக்கையில் ஏட்டைப் பிடித்து, வலக்கையில் எழுத்தாணியைப் பற்றி, ஓலையின் மேற்பரப்பைக் கீறி எழுத்துகளை அமைப்பர். கீறிய எழுத்து முதலில் தெளிவாகப் புலப்படாது. ஆதலால், விளக்குக் கரியை இலைச்சாற்றிலோ எண்ணெயிலோ குழைத்து ஏட்டின்மேல் தடவித் துடைப்பர். கரி கீறலில் தங்கி எழுத்தை விளங்கச் செய்யும். எழுத்தாணியால் புள்ளி குத்தின் ஓலை பொத்தலாகும் என்று அஞ்சி, மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதிச் செல்வதும் வழக்கமாயிற்று. அவ்வாறு எழுதிய ஏட்டில் 'பல்' என்பதும் 'பல' என்பதும் ஒன்றுபோலவே தோன்றும். முன்னும் பின்னும் நோக்கி, இஃது இன்ன சொல் எனப் படிப்போரே துணிதல் வேண்டும். சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர், இத்தகைய ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு உண்மைப் பாடம் காண எடுத்துக்கொண்ட முயற்சி மிகப் பெரிது. எழுத்தில் தெளிவு எத்துணை இன்றியமையாதது என்பதை இவ்வரலாறு நமக்கு நன்கு புலப்படுத்துகின்றது.

தாளில் எழுதும் வழக்கம் பரவிய பின்னர், மையைத் தொட்டு எழுதும் கருவிகள் பெருகின. நம் நாட்டில் நாணற் குச்சியைச் சீவி, அதன் முனையைப் பிளந்து எழுதினர். மேலை நாட்டார் வாத்து முதலிய பறவைகளின் இறகைச் சீவி எழுதினர். 'பேனா' என்னும் சொல்லே இறகு எனப் பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து தமிழில் வந்து வழங்குவதாகும். இறகின் முனை விரைவில் தேயும். அடிக்கடி சீவுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிற்சாலைகள் எஃகு நிப்புகளை இயந்திரங்களால் பெருந்தொகையாகச் செய்து உலகெங்கும் அனுப்பின. அந்நிப்பைக் கட்டையில் செருகித் தொட்டெழுதும் பேனா பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் ஆட்சி புரிந்தது. எனினும் ஒரு குறை நீங்கவில்லை. மையைத் தொட்டவுடன் எழுதும் எழுத்து தடித்துக் கறுத்திருக்கும். சில சொற்கள் எழுதிய பின் அது மெலிந்து வெளிறும். கையோ தாளுக்கும் மைக்கூட்டுக்கும் இடையே ஓயாது அலைதல் வேண்டும். கருத்து ஓடும்பொழுது கை நிற்கும். கை மீளும்பொழுது கருத்து நழுவும்.

மையைப் பேனாவின் உள்ளேயே நிரப்பிவைத்தால் இவ்வல்லல் தீரும் என்று பலர் எண்ணினர். உருமேனிய நாட்டினரான பெத்ராக்கே பொயெனாரு என்பவர், பாரிசு நகரத்தில் மாணவராக இருந்த காலத்தில், 1827-ஆம் ஆண்டில் இத்தகைய பேனா ஒன்றுக்குப் பிரெஞ்சு அரசாங்கத்தின் உரிமைப் பத்திரம் பெற்றார். ஆயினும், மை சில வேளை வராமல் அடைபடும். சில வேளை கொட்டித் தாளைக் கெடுக்கும். இத்துன்பத்தைப் பெரிதும் போக்கியவர் அமெரிக்காவில் நியூயார்க்கு நகரத்தில் வாழ்ந்த லூயி எட்சன் வாட்டர்மன் என்பவர். அவர் காப்புறுதித் தொழில் செய்துவந்த நாளில், கையெழுத்திட வேண்டிய பத்திரத்தில் பேனா மையைக் கொட்டிவிட்டதாகவும், அவ்விழப்பே அவரை இம்முயற்சியில் தூண்டியதாகவும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், 1884-ஆம் ஆண்டில் அவர் உரிமைப் பத்திரம் பெற்ற அமைப்பே பின்வந்த பேனாக்களுக்கு அடிப்படையாயிற்று.

அவ்வமைப்பின் நுட்பத்தை எளிய எடுத்துக்காட்டால் உணரலாம். இளநீரில் ஒரே சிறு துளையிட்டுக் கவிழ்த்தால் நீர் ஒழுங்காக வடியாது. திணறித் திணறிச் சொட்டும். மற்றொரு துளையிட்டால், அதன் வழியே காற்று உட்புக, நீர் தடையின்றி இறங்கும். மையும் அத்தன்மையதே. வெளியேறும் மையின் இடத்தைக் காற்று நிரப்பினாலன்றி மேலும் மை வாராது. காற்று மிகுதியாகப் புகுந்தால் மை கொட்டிவிடும். வாட்டர்மன், நிப்பின் அடியில் பொருந்தியிருக்கும் கட்டையில் ஒரு சிறு வாய்க்காலும், அவ்வாய்க்காலின் அடியில் நுண்ணிய பிளவுகளும் அமைத்தார். பிளவுகளின் வழியே மை முனையை நோக்கி வரும். வாய்க்காலின் வழியே காற்று உள்ளே செல்லும். வரவும் செலவும் இவ்வாறு ஒத்து நடப்பதனால் மை அளவாக ஊறி வருகின்றது. ஊற்றுப் பேனா என்னும் பெயர் இதற்கு எத்துணைப் பொருத்தம்!

நிப்பின் நடுவில் மயிரிழை போன்ற ஒரு பிளவு உண்டு. விளக்குத் திரி எண்ணெயைத் தானே மேலே ஈர்ப்பது போல, இந்நுண்ணிய பிளவு மையைத் தானே முனைக்கு ஈர்க்கும். இதனை நுண்புழை ஏற்றம் என்பர் அறிவியலார். முனை தாளைத் தொட்டவுடன் தாளின் இழைகள் மையைக் கவர்ந்துகொள்ளும். ஆகவே, மையை வரவழைக்கக் கை அழுத்த வேண்டுவதே இல்லை. நிப்பு பொன்னாலோ துருப்பிடிக்காத எஃகாலோ செய்யப்படும். ஆயினும் தாளில் உராயும் இடம், ஆசுமியம், இரிடியம், உருத்தேனியம் முதலிய கடிய உலோகங்களின் கலவையால் ஆகிய மிகச் சிறு மணியாகும். இம்மணி எளிதில் தேயாது. பல்லாண்டு எழுதிய பின்னரே, எழுதுவோர் கையின் சாய்வுக்கு ஏற்பச் சிறிது தேய்ந்து பொருந்தும். தம் பேனாவைப் பிறர்க்குக் கொடுக்கலாகாது என்று பழைய ஆசிரியர்கள் கூறியதன் காரணம் இதுவே.

மையை நிரப்பும் முறையும் படிப்படியாகத் திருந்தியது. தொடக்கத்தில் பேனாவின் கழுத்தைத் திருகிக் கழற்றி, மையூற்றியால் துளித்துளியாக ஊற்றினர். அமெரிக்காவில் வால்டர் செபர் என்பவர், பேனாவின் பக்கத்தில் உள்ள ஒரு சிறு நெம்புகோலைத் தூக்கினால் உள்ளிருக்கும் ரப்பர்ப் பை அமுங்கி விரிந்து மையை உறிஞ்சும் அமைப்புக்கு 1908-இல் உரிமை பெற்றார். செருமனி நாட்டின் பெலிக்கான் நிறுவனம் 1929-இல், அடிப்புறத்தைத் திருகினால் உள்ளே உந்துதண்டு ஏறியிறங்கி மையை இழுக்கும் பேனாவை வெளியிட்டது. இம்மூன்று முறைகளில் அமைந்த பேனாக்களும் இன்றும் பயன்படுகின்றன.

ஒரு சிறு பேனா, ஒரு நாட்டின் மானத்தோடும் தொடர்புடையதாகக் கூடும் என்பதை நம் நாட்டு வரலாறு காட்டுகின்றது. காந்தியடிகள் வாழ்நாள் முழுவதும் எழுதியவர். 1909-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் மீண்டபொழுது, 'இந்து சுவராச்சியம்' என்னும் நூலைக் குசராத்தி மொழியில் எழுதினார். வலக்கை சோர்ந்தபொழுது இடக்கையால் எழுதி, பத்து நாள் அளவில் அதனை முடித்தார். ஆயினும் தம் கையெழுத்து அழகாக அமையவில்லை என்பது அவர் உள்ளத்தை வருத்தியது. நல்ல கையெழுத்து கல்விக்கு வேண்டுவதன்று என இளமையில் தவறாக எண்ணியிருந்ததையும், தென்னாப்பிரிக்காவில் இளைஞர் பலருடைய அழகிய கையெழுத்தைக் கண்டு நாணியதையும், பின்னர்த் திருத்த முயன்றும் காலம் கடந்துவிட்டமையால் இயலாமற் போனதையும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். அழகற்ற கையெழுத்து நிறைவுறாத கல்வியின் அடையாளம் என்பது அவர் கண்ட முடிவு.

காந்தியடிகள் அந்நியப் பொருள்களை விலக்கிச் சுதேசிப் பொருள்களையே ஆளுதல் வேண்டும் என்று வற்புறுத்திய காலத்தில், நல்ல ஊற்றுப் பேனாக்கள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. கோதாவரி ஆற்றங்கரையில் உள்ள இராசமகேந்திரவரத்தைச் சேர்ந்த கோசூரி வெங்கட இரத்தினம் என்னும் தொழில்வல்லார், 1921-ஆம் ஆண்டில் அடிகளைக் கண்டார் என்றும், நாட்டு மக்களுக்குப் பயன்படும் பொருளை இங்கேயே செய்க என்று அடிகள் அவரை ஊக்கினார் என்றும் கூறுவர். அவர் பல்லாண்டு முயன்று எபோனைட்டைக் கடைந்து பேனா செய்தார். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றி இறுகச் செய்த பொருளே எபோனைட்டு. அப்பேனாவைப் பெற்று எழுதிப் பார்த்த அடிகள், அது கடைகளில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாக விளங்குகிறது எனப் பாராட்டி, 1935-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16-ஆம் நாளிட்ட மடல் ஒன்று எழுதினார். பெரிய தொழிற்சாலையும் பெருஞ்செல்வமும் இல்லாத ஒருவரின் கைத்திறன் அன்று நாட்டுக்கே பெருமை தேடித் தந்தது.

பேனா சுதேசியாயின் மையும் சுதேசியாதல் வேண்டுமன்றோ? வங்காளத்தில் வேதியியல் அறிஞர் சதீசு சந்திர தாசுகுப்தர் வகுத்த முறையைக் கொண்டு, மைத்திரர் குடும்பத்து உடன்பிறந்தார் இருவர், 1934-ஆம் ஆண்டில் இராசசாகி நகரத்தில் மை செய்யும் தொழிலைத் தொடங்கினர். அதுவே 'சுலேகா' எனப் புகழ் பெற்றது. நல்ல எழுத்து என்பது அச்சொல்லின் பொருள். பின்னர்க் கல்கத்தாவில் வளர்ந்த அத்தொழில், எண்பதுகளின் இறுதியில் நின்றுபோயிற்று. இந்நூற்றாண்டில் மீண்டும் உயிர்பெற்று, 2020-ஆம் ஆண்டு முதல் ஊற்றுப் பேனா மைகளை மறுபடியும் விற்று வருகின்றது. தமிழ்நாட்டிலும் திருவள்ளூரில் எபோனைட்டைக் கையால் கடைந்து பேனா செய்யும் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. அப்பேனாக்களை வெளிநாட்டாரும் விரும்பி வாங்குகின்றனர்.

மையின் வகைகளையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். விளக்குக் கரியைப் பசையோடு குழைத்துச் செய்வது ஒரு வகை. அதன் கருமை பல நூற்றாண்டு நிற்கும். ஆனால், அக்கரித்துகள் உலர்ந்து நுண்பிளவுகளை அடைத்துவிடும். படம் வரைதற்குரிய அம்மையை ஊற்றுப் பேனாவில் இடலாகாது. கடுக்காயை இடித்து ஊறவைத்த நீரில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்துச் செய்வது மற்றொரு வகை. மேலை நாட்டார் கடுக்காய்க்கு மாற்றாக மாசிக்காயை ஆண்டனர். இம்மை எழுதும்பொழுது வெளிறியிருந்து, காற்றுப் பட்டபின் கறுக்கும். எழுதுவோர்க்கு உடனே எழுத்துத் தெரியும்பொருட்டு அதில் நீலச் சாயத்தைச் சேர்த்தனர். நீலக் கறுப்பு மை என்னும் பெயர் இவ்வாறு எழுந்தது. இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் என்னும் இளைஞர் 1856-இல் செயற்கைச் சாயம் ஒன்றைக் கண்ட பின்னர், சாய மைகள் பலவாகத் தோன்றின. இவை எளிதில் ஓடும். பேனாவையும் எளிதில் கழுவலாம். ஆனால், இவற்றுட் பல நீர்பட்டால் கரையும், வெயிலில் வெளுக்கும். நாள்தோறும் எழுதும் குறிப்புக்குச் சாய மை போதும். நெடுநாள் நிற்க வேண்டிய எழுத்துக்கு நிலைத்து நிற்கும் மையே தக்கது.

பின்னர்ப் பந்துமுனைப் பேனா தோன்றியது. அங்கேரி நாட்டுப் பத்திரிகையாளர் இலாசுலோ பிரோ என்பவர் 1938-இல் அதற்கு உரிமை பெற்றார். அதன் முனையில் உள்ள சிறு குண்டு உருண்டு, கெட்டியான மையைத் தாளில் தடவும். அது மையைக் கொட்டுவதில்லை; விலையும் மிகக் குறைவு. ஏழை மாணவர் பலர் கையிலும் எழுதுகோல் ஏறியது அதனால் விளைந்த நன்மையே. எனினும், அதனை ஊன்றி அழுத்தி எழுதுதல் வேண்டும். நெடுநேரம் அழுத்தி எழுதினால் விரல்கள் நோகும். கையெழுத்தும் நிலை குலையும். மை தீர்ந்தவுடன் எறியப்படும் பேனாக்கள் மக்காத குப்பையாகப் பெருகுகின்றன. நன்கு பேணப்பட்ட ஊற்றுப் பேனாவோ தந்தையிடமிருந்து மகனுக்கும், தாயிடமிருந்து மகளுக்கும் செல்லத்தக்கது.

ஊற்றுப் பேனாவைக் கொண்டு எழுதப் பழகுவோர் சில முறைகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். நிப்பின் மேற்புறம் வானை நோக்குமாறு, பேனாவைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றிலும் மெல்லப் பற்றுக, சற்றுச் சாய்த்துப் பிடிக்க, அழுத்தாது எழுதுக. விரல்களை மட்டும் அசைக்காமல் முன்கையும் உடன் நகருமாறு எழுதினால் களைப்புத் தோன்றாது. தமிழெழுத்துகளில் சுழிகள் மிகுதி. தடித்த நிப்பால் சிறிய எழுத்து எழுதினால், 'இ', 'ண', 'ஞ' முதலியவற்றின் சுழிகள் மையால் நிரம்பி உருத் தெரியாமற் போகும். ஆதலின், நெருக்கமாகக் கோடிட்ட குறிப்பேட்டுக்கு மெல்லிய நிப்பே ஏற்றது. தாளும் மையைப் பரவவிடாததாக இருத்தல் வேண்டும். கசியும் தாளில் எத்துணை நல்ல பேனாவும் பயன்படாது. காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தோன்ற எழுதுதலும், புள்ளியை உரிய இடத்தில் தவறாது இடுதலும் வேண்டும். ஓலையில் எழுதியோர் புள்ளியை விட்டதற்குக் காரணம் இருந்தது. தாளில் எழுதுவோர் விடுவதற்குக் காரணம் யாதும் இல்லை.

பேனாவைப் பேணும் முறை மிக எளிது. எழுதி முடித்தவுடன் மூடியை இடுக. திறந்து வைத்தால் முனையில் மை உலர்ந்து அடைக்கும். மை நிரப்பிய பின் நிப்பை மெல்லிய துணியால் துடைக்க. திங்கள்தோறும் ஒரு முறையேனும், மையின் நிறம் நீங்கும்வரை தூய தண்ணீரால் உட்புறத்தைக் கழுவுக. வெந்நீர் எபோனைட்டின் பளபளப்பைப் போக்கும். சாராயம் சேர்ந்த நீர்மங்கள் சிலவகைப் பேனாக்களின் உடலைக் கெடுக்கும். ஆகவே அவை வேண்டா. ஒரு மையோடு மற்றொரு மையைக் கலத்தலாகாது. கலந்தால் சில மைகள் திரிந்து வண்டலாகும். மை பெரும்பாலும் தீர்ந்த நிலையில், உள்ளிருக்கும் காற்று கையின் வெம்மையால் விரிந்து, எஞ்சிய மையை வெளியே தள்ளும். பேனா கசிகின்றது என்று பலர் வருந்துவது இதனாலேயே. முற்றும் தீருமுன்னரே மீண்டும் நிரப்பிக்கொண்டால் இத்தொல்லை நேராது. நீண்ட நாள் எழுதாமல் வைக்க நேரின், மையை நீக்கிக் கழுவி உலர்த்தி வைத்தல் வேண்டும்.

இவ்வாறு பேணுவோர்க்குப் பேனா தரும் இன்பங்கள் பலவாகும். காலையில் மைப்புட்டியைத் திறந்து நிரப்புதல், அன்றைய வேலைக்கு மனத்தை ஒருமுகப்படுத்தும் ஒரு சிறு தொடக்கமாக அமையும். முனை தாளில் வழுக்கிச் செல்லும் மெல்லோசையும், ஈரம் மின்னும் எழுத்துச் சிறிது சிறிதாக உலர்ந்து தன் நிறம் காட்டுவதும் கண்ணுக்கும் காதுக்கும் விருந்தாகும். இவ்வின்பத்துக்கு விலையுயர்ந்த பொன் நிப்பு வேண்டுவதில்லை. செவ்வையாக அமைந்த எஃகு நிப்பும், ஒரு புட்டி நீல மையும், நாள்தோறும் ஒரு பக்கம் எழுதும் வழக்கமும் போதும். கடையில் வாங்கி அடுக்கிவைக்கும் பத்துப் பேனாக்களினும், நாள்தோறும் எழுதும் ஒரு பேனாவே சிறந்தது.

இக்காலத்தில் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் எழுத்துகள் நொடியில் அமைகின்றன. விரைவு வேண்டும் இடத்தில் அவை வேண்டற்பாலனவே. எனினும், தேர்வுத்தாளை நிரப்புவதும், வீட்டுக் கணக்கைக் குறிப்பதும், நண்பர்க்கு அன்புடன் மடல் வரைவதும் கையே அன்றோ? அக்கையைப் பழக்கும் பருவம் இளமைப் பருவமே. அப்பருவம் கழிந்தபின் முயன்ற காந்தியடிகளுக்கே அது கைகூடவில்லை என்பதை மாணவர் மறத்தலாகாது. ஆகவே, அவர்கள் ஊற்றுப் பேனா ஒன்றைத் தமக்கு உரியதாக்கிக்கொண்டு, அதனைத் தூய்மையாகப் பேணி, சுழியும் கொம்பும் புள்ளியும் விளங்க நாள்தோறும் எழுதிப் பழகுவாராக.

பயிற்சி

1. ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமைக்குக் காரணம் என்ன? அதனால் விளைந்த இடர் யாது?
2. ஊற்றுப் பேனாவில் மை அளவாக ஊறி வருவது எவ்வாறு? இளநீரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.
3. கையெழுத்தைப் பற்றிக் காந்தியடிகள் கொண்ட வருத்தத்தை எழுதுக.
4. கடுக்காய் மைக்கும் சாய மைக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
5. 'நான் பேணும் எழுதுகோல்' என்னும் பொருள்பற்றி ஒரு பக்க அளவில், ஊற்றுப் பேனாவால், புள்ளி தவறாமல் ஒரு கட்டுரை வரைக.